மொட்டுன்னு பறிச்சது

ஒண்ணைப் பிடுங்கினா பக்கத்துல இன்னொண்ணு கண்ணுல படுது. கேட்டுக்கு வெளிய சிமெண்டு வெடிச்ச இடத்துல, சாக்கடை மூடி ஓரத்துல, தண்ணிக் குழாய் சுவத்துக்குள்ள போற ஓட்டையில, கைப்பிடி மண்ணு கூட இல்லாத இடமாப் பார்த்து நிக்குது. மஞ்சளா, ஒவ்வொரு இதழோட நுனியும் பல்லு பல்லா. கோரியாப்சிஸ். பேரைப் பாரு பேரை. இந்தத் தெருவுல யார் வாய்லயும் நுழையாத பேரை எங்க அக்கா சுகந்தி மட்டும் வாய் நிறையச் சொல்லுவா, நர்சரியில வேலை பார்த்த பவுசு. அவ போயி ரெண்டு வருஷம் முடியப் போகுது. பூ மட்டும் வந்து நிக்குது. உச்சி வெயில்ல வாசல்ல குந்தக் கூடாது, தலைமுடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு வெளிய நிக்கக் கூடாதுன்னு அம்மா இங்க இருந்தா கத்தியிருப்பா. கத்தட்டும். முந்தானையைத் தலைக்கு முக்காடு போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். உள்ள பாப்பா தூங்குறா. தன்ஷிகா, அக்கா பெத்தது, ஒண்ணாவது படிக்கிறா. நாலு நாளாக் காய்ச்சல். மாமா, பாப்பாவோட அப்பா, ரத்த டெஸ்ட் ரிசல்ட் வாங்க டவுனுக்குப் போயிருக்காரு. வைரலாத்தான் இருக்கும்னு டாக்டரு சொன்னாரு. இருக்கும்னு சொன்னாரே தவிர, வைரல்தான்னு அடிச்சுச் சொல்லலை. விடியறப்ப நெத்தியில ஈரத்துணி மாத்தும்போது கண்ணைத் திறக்காமலே பாப்பா சொல்லுச்சு, கேட்டைத் திறந்து விடு சித்தி, அம்மா வெயில்ல நிக்குதுன்னு. விடியாத நேரத்துல ஏது வெயிலு? பினாத்தல். காய்ச்சல்ல யாரும் பினாத்துவாங்கதான். ஆனா வெளிச்சம் வந்ததும் நான் கேட்டைத் திறந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது, கேட்டுக்கு இந்தப் பக்கமும் ஒண்ணு முளைச்சு, வாசப்படி வெடிப்புல ஒத்தைப் பூ பூத்திருந்துச்சு.

அதைக் கடைசியாப் பிடுங்கிக்கலாம்னு விட்டு வெச்சிருக்கேன். வெளிய இருந்து ஆரம்பிச்சு உள்ள வர்றதுதான் முறைன்னு மனசுல ஒரு இது. வேரு ஆழமாப் போறதில்லை இந்தச் செடிக்கு, அதனால சுலபமா வரும்னு நினைச்சா அதுவும் இல்லை, அடித்தண்டைப் பிடிச்சு ஒரு திருகு திருகணும். கையெல்லாம் பச்சை வாடை. கொத்தமல்லித் தண்டைக் கசக்கின வாடையும் இல்லை, சாமந்தி வாடையும் இல்லை, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. அக்கா மேல எப்பவும் இந்த வாடைதான் அடிக்கும். போன்ல பேசும்போது கூட அடிக்கிற மாதிரி இருக்கும், ஏன்னா அவ போன்ல பேசுறதே செடியைப் பத்தித்தான். நான் ஆத்தூர்ல ஜவுளிக்கடையில நாளெல்லாம் நின்னு கால் வீங்கி வந்து படுத்தா, ஏற்காட்டுல இருந்து அவ போன் போட்டு, தேனு, இன்னிக்கு ஜினியா விட்டேன்டி, காஸ்மாஸ் முளைச்சிருச்சுடி, வாடாமல்லி தலை நீட்டுதுடிம்பா. எல்லாம் வெயில் குடிக்கிற சாதியாம். இந்தக் கோரியாப்சிஸ் இருக்கே, அதுதான் எல்லாத்துலயும் வீம்பு புடிச்சதாம். விதையை மண்ணுக்குள்ள புதைக்கக் கூடாது தேனு, மேலாகத் தூவி விட்ரணும், வெளிச்சம் பட்டாத்தான் கண்ணு முழிக்கும். எரு போடக் கூடாது. தண்ணி அளவாத்தான். சோறு கண்டா சாஞ்சுக்கும், பட்டினி போட்டாப் பூத்துத் தள்ளும். நல்லாத்தான் இருக்கு நியாயம்னு நான் சிரிப்பேன். அப்புறம் ஒண்ணு சொல்லுவா, அதைத்தான் இப்ப நினைக்க வேணாம்னு நினைக்கிறேன். வாடின தலையைக் கிள்ளிக்கிட்டே இருக்கணும் தேனு. கிள்ளாம விட்டா விதை வெச்சிரும். விதை வெச்சிருச்சுன்னா, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு செடி நினைச்சுக்கும். நின்னுரும். இதைச் சொல்லும்போது அவளுக்கு மடியில பாப்பா. பால் குடிக்கிற சத்தம் எனக்குப் போன்ல கேட்டுச்சு.

காய்ச்சல்தான் அவளுக்கும். அப்பவும் வைரல்தான்னாங்க. வேணாம், அந்தப் பக்கம் போக வேணாம். போனா அந்த நாளுக்குத்தான் போயி நிக்கும், எப்பவும் அப்படித்தான், எந்த வழியாப் போனாலும் அந்தக் கூடைகிட்டத்தான் போயி நிக்கும். அன்னிக்கு மலைப்பாதை வளைவுல லாரி கவுந்து பஸ்ஸு காரு எல்லாம் நின்னு போச்சு. மாலை மட்டும் யாரோ பைக்குல கொண்டு வந்துட்டாங்க. வழியெல்லாம் இறைச்சுக்கிட்டுப் போற உதிரிப்பூ சேலத்துல இருந்து வரணும், வரலை. பாடை கட்டியாச்சு, சங்கு ஊதியாச்சு, நேரமாகுதுன்னு ஆம்பளைங்க கத்துறாங்க. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காதான் என் கையில கூடையையும் கத்திரிக்கோலையும் குடுத்து, ஏன்டி தேனு, அழுதுக்கிட்டு நிக்கிறியே, தோட்டம் நிறைய உங்கக்கா வளர்த்து வெச்சிருக்கா, போய் வெட்டிக்கிட்டு வாடின்னாங்க. வெட்டினேன். கண்ணீருல எது எங்க இருக்குன்னு தெரியலை. பூவை வெட்டினேன், கூடை ரொம்பலை, மொட்டையும் வெட்டினேன். உருண்டை உருண்டையா, பழுப்பும் பச்சையுமா, ஆயிரம் மொட்டு இருந்திருக்கும். எல்லாத்தையும் உதிர்த்துப் போட்டேன். மொட்டு இல்லை அது. அக்கா படுத்த படுக்கையா இருந்தப்போ கிள்ள ஆளில்லாம முத்தி நின்ன தலை. இந்தச் செடியில மொட்டும் முடிஞ்சு போன தலையும் ஒண்ணு போலத்தான் இருக்கும், அமுக்கிப் பார்த்தாத்தான் தெரியும், மொட்டு கெட்டியா தட்டையா இருக்கும், முடிஞ்சது கூம்பி விரல்ல குத்தும். அவளே எனக்குச் சொல்லியிருக்கா. ஜவுளிக்கடைக்காரிக்கு அதெல்லாம் அந்த நேரத்துல ஞாபகம் வருமா? அமுக்கிப் பார்த்தா பறிப்பாங்க, அக்கா பாடைக்கு? கூடை நிறைய விதையைத்தான் நான் குடுத்தனுப்பியிருக்கேன். மாமா கூடவே நடந்து கைப்பிடி கைப்பிடியா அள்ளி இறைச்சுக்கிட்டுப் போனாரு. பொம்பளைங்க நாங்க தெருமுனையோட நின்னுட்டோம்.

பொம்பளைங்களுக்குச் சுடுகாட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாது, சொல்லித்தான் தெரியும். மூணு ரோடு கூடுற இடத்துல பாடையை இறக்கி, ஒரு சுத்து சுத்தி, தலைமாட்டைத் திருப்பி வெச்சுத் தூக்குவாங்களாம். போற உசுருக்கு வீட்டு வழி குழம்பணுமாம். காரியம் முடிஞ்சு வர்றவங்க யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாதாம், பார்த்தா பின்னாடியே வந்துருமாம். எல்லாம் சரியாத்தான் பண்ணினாங்க. சுத்தினாங்க, திருப்பினாங்க, யாரும் பின்னால பார்க்கலை. நான் மட்டும் வழி நெடுக விதையைத் தூவ விட்டு அனுப்பிச்சிருக்கேன், சாமர்த்தியசாலி. முதல் மழைக்கு அப்புறம் காட்டுகிட்ட, பாலத்துக்கு அந்தப் பக்கம், கல்லு மண்ணுல மஞ்சளா ஒரு திட்டு. அங்கதான் பாப்பாவோட ஸ்கூல் பஸ்ஸு வந்து நிக்கும். நாந்தான் தினமும் கூட்டிக்கிட்டு இறங்கறது, சாயங்காலம் கூட்டிக்கிட்டு ஏறுறது. பாப்பா என் கையை உதறிட்டு ஓடிப் போய் அதைத் தொட்டுப் பார்த்துட்டு வரும். அம்மா பூன்னு சொல்லும். சரி, விழுந்த இடத்துல முளைச்சிருக்கு, இதுல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். அடுத்த வெயிலுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துச்சு. அப்புறம் மில்லு சுவத்து ஓரம். அப்புறம் மூணு ரோடு. மேல ஏறுது. மழைத் தண்ணி மேல இருந்து கீழ ஓடுது, விதையை அடிச்சுக்கிட்டுப் போனாக் கீழதான் போகணும், இது மேட்டுல ஏறுது. கீழ இருந்து வர்ற வழி அங்க மூணு ரோடாப் பிரியுது, ஒரு ரோடு எஸ்டேட்டுக்கு, ஒரு ரோடு சர்ச்சுக்கு. அது ரெண்டுலயும் ஒரு செடி கூட இல்லை, நான் போய்ப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி ஓரம் ஓரமாக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே போனேன். நம்ம தெருவுக்குத் திரும்புற ரோட்டுல மட்டும் வந்துச்சு. குழம்பவே இல்லை அவ.

உள்ள ஏதோ சத்தம். இல்லை, ஃபேனு. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். பாப்பா அப்படியேதான் படுத்திருக்கு, வாய் லேசாத் திறந்து, உதடு காஞ்சு. நெத்தி இன்னும் கொதிக்குது. மூக்குகிட்ட விரலை வெச்சுப் பார்த்தேன், சூடா காத்து வந்து போச்சு. தூங்குற பிள்ளை மூக்குல விரல் வைக்காதேன்னு ஸ்டெல்லா அக்கா நேத்து கூட திட்டுச்சு, கெட்ட சகுனமாம். கை விரிஞ்சு கிடக்கு, சேலை நுனியைத் தேடுது. அக்கா சேலை நுனியைப் பிடிச்சுக்கிட்டாத்தான் இதுக்குத் தூக்கம் வரும், இப்பவும். அதனாலதான் நான் இதைக் கட்டுறதே. மஞ்சக் கரை போட்ட இந்தப் பழைய பூனம் சேலை, துவைச்சுத் துவைச்சுக் கண்ணாடியாப் போச்சு, கீழ்க்கரைக்கு உள்பக்கம் வெச்சுத் தைச்ச ஃபால்ஸ் துணி தையல் விட்டுத் தொங்குது. எனக்கென்ன சேலை இல்லையா? ஜவுளிக்கடையில இருந்தவ நான். பார்க்கிறவங்க அக்கா சேலையையும் எடுத்துக்கிட்டா, அக்கா புருஷனையும் எடுத்துக்கிட்டான்னு பேசுவாங்கன்னு தெரியாதா? நான் எதையும் எடுக்கலை. பிள்ளை அனாதையாப் போயிரும், வெளிய இருந்து ஒருத்தி வந்தா சூடு வைப்பா, நீயே போடின்னு அம்மா அழுதா, அப்பா அழுதாரு, மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. அவரை மாமான்னுதான் முன்னாடியும் கூப்பிட்டேன், இப்பவும் மாமாதான், அவருக்கு வார்த்தை மாத்த வேண்டிய தொல்லை இல்லை. என்னைக் கூப்பிடுற வார்த்தையைத்தான் மாத்தணும்னாங்க. எல்லாரும் பாப்பாகிட்டச் சொல்லிப் பார்த்தாங்க, அம்மான்னு கூப்பிடு கண்ணுன்னு. அது ரொம்ப மரியாதையா என்னைப் பார்த்துட்டு, சித்தின்னு சொல்லும். சரியாத்தான் சொல்லுது. சித்திதானே நான்? ஆனா ராத்திரி அது தூங்கின பின்னாடி, ஒரே ஒரு தடவை சொல்லேன்டி கழுதைன்னு காதுகிட்டப் போய்க் கேட்டிருக்கேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கேட்டிருக்கேன்.

வந்த புதுசுல நல்லதாத்தான் ஆரம்பிச்சேன். மிச்சம் இருந்த அடித்தூருல அக்கா செடி துளுத்துச்சு, பாப்பாவுக்குப் பிடிக்குமேன்னு மாட்டெரு வாங்கிப் போட்டு, காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினேன். ஆளுயரம் வளர்ந்துச்சு, பூவே இல்லை, ஒரு மழைக்கு மொத்தமும் சாஞ்சு அழுகிப் போச்சு. அக்கா சொன்னதை மறந்துட்டேன். மறந்துட்டேனா, இல்லை இவ சொல்லி நான் என்ன கேக்குறதுன்னு ஒரு திமிரா, தெரியலை. அந்த இடத்துல கத்தரியும் தக்காளியும் வெச்சேன். பாப்பா அன்னிக்கு ஒரு வாய் சோறு திங்கலை. அதுக்கும் நான் ஊட்டி ஊட்டிப் பார்க்கிறேன், நெய்யி, முட்டை, பாலு, ஒட்டவே மாட்டேங்குது உடம்புல. போன வாரம் ஸ்டெல்லா அக்கா கோழிக்குத் தீவனம் போட்டுக்கிட்டே வேலி மேல இருந்து கூப்பிட்டுச்சு. "ஏன்டி தேனு, கவனிச்சியா?" "என்னக்கா?" "உங்கக்கா பூவு. எங்க வீட்டு முக்கு வரைக்கும் வந்துருச்சுடி." நான் தெரியாத மாதிரி, அப்படியாக்கான்னேன். "பிள்ளை ஞாபகமா இருக்கும். ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிச்சுத் தண்ணி தெளிக்கச் சொல்லவா?" "நாங்க என்ன உங்க சர்ச்சா, ஃபாதரு வர்றதுக்கு?" "வர்றது சர்ச்சு பார்த்தா வருது?" எனக்கு வந்துச்சே ஒரு கோபம். "காட்டுச் செடி எங்க வேணா முளைக்கும், உங்க கோழி வேலையைப் பாருங்கக்கா"ன்னுட்டு உள்ள வந்துட்டேன். வந்து கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டேன். மறுநாள்தான் பாப்பாவுக்கு மேலு சுட ஆரம்பிச்சுது.

போன் அடிச்சுது, மாமா. "இன்னும் குடுக்கலை தேனு, சாப்பாட்டு நேரமாம், உக்காரச் சொல்றாங்க. எப்படி இருக்கா?" தூங்குறான்னேன். "நீ சாப்பிட்டியா?" சாப்பிட்டேன்னு பொய் சொன்னேன். அவரு போனை வைக்கலை. அவருக்கும் அக்கா ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாளுதான் ஓடிக்கிட்டு இருக்கும், அன்னிக்கும் இதே மாதிரி ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தவரு. பூ கேட்டு வரைக்கும் வந்திருச்சுன்னு அவருகிட்டச் சொல்லலை. அவரு கையால இறைச்சதாச்சே. வெச்சுட்டு மறுபடி வாசலுக்கு வந்தேன். தெருவுல ஒரு நாய் கூட இல்லை. வெயில் அப்படியே நின்னுக்கிட்டு இருக்கு. ஒரு இலை ஆடலை, இந்தப் பூவு மட்டும் ஆடுது, தண்டு மெலிசு, மூச்சு விட்டாக் கூட ஆடும், அதுக்காகத்தான் ஆடுது, வேற எதுக்காகவும் இல்லை. ஏய் சுகந்தி. சத்தமாவே சொல்லிட்டேன் போல. சொன்னாச் சொன்னதுதான். ஏய் சுகந்தி, கேட்டுக்கோ. உன் வீட்டை நான் கேக்கலை. உன் மாமனை நான் கேக்கலை. என் கடை, என் சம்பளம், என் சிநேகிதிங்க எல்லாத்தையும் விட்டுட்டு இந்தக் குளிர்ல வந்து உன் பாத்திரத்தைக் கழுவிக்கிட்டு இருக்கேன். இந்தப் பிள்ளை என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி. சித்தின்னே கூப்பிடட்டும். அதுவும் வேணாம், வாடி போடின்னு கூப்பிடட்டும். ஆனா கூட்டிக்கிட்டு மட்டும் போயிராதே. பெத்தது நீதான், யாரு இல்லைன்னா? விட்டுட்டுப் போனதும் நீதானே? கேட்டுக்குள்ள காலை வெச்சேன்னா மரியாதை கெட்டுரும். சொல்லிட்டு எனக்கே அழுகை வந்துருச்சு, எங்க அக்காவை, எனக்குத் தலை பின்னி விட்டவளை, வாசல்லயே நில்லுன்னு சொல்றேனேன்னு.

வெளிய எல்லாம் பிடுங்கியாச்சு. குவிச்சு வெச்சது வெயில்ல வதங்குது. வாசப்படி ஒத்தைச் செடி மட்டும்தான் பாக்கி. பூவும் ஒண்ணு, பக்கத்துல உருண்டையா இன்னொண்ணு, மொட்டா விதையா தெரியலை. குத்துக்கால் போட்டு உக்காந்து, தண்டை விரலால சுத்திப் பிடிச்சேன். காலுகிட்ட என்னவோ உறுத்துச்சு. கணுக்காலைச் சொரிஞ்சா விரல்ல கறுப்பா ஒண்ணு ஒட்டுச்சு. உண்ணின்னு நினைச்சுப் பதறி உதறினேன், ஊர்ல எங்க நாய்க் காதுல அப்பிக் கிடக்குமே, அதே நிறம், அதே அளவு, வயிறு வளைஞ்சு. உதறினா நகரலை. காலு இல்லை அதுக்கு. விதை. சேலைக் கரையைத் தூக்கிப் பார்த்தேன். தையல் விட்ட ஃபால்ஸுக்குள்ள, பை மாதிரி தொங்குன இடம் முழுக்க, கறுப்பு கறுப்பா, விதை. திருப்பினாப் பொலபொலன்னு படியில கொட்டுது. பாலத்துகிட்டப் பாப்பாவுக்காக இதே சேலையில தினமும் நிப்பேனே, அந்தத் திட்டுக்குள்ளதான் நிப்பேன், முத்தின தலையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு உரசும். அப்புறம் மேட்டுல ஏறுவேன். நடக்க நடக்க ஓட்டை வழியாச் சிந்தியிருக்கு. எஸ்டேட் ரோட்டுக்கு நான் என்னிக்குப் போனேன் இதைக் கட்டிக்கிட்டு? சர்ச்சு ரோட்டுக்கு என்னிக்குப் போனேன்? வீட்டுக்குத்தான் வந்தேன், தினமும் வீட்டுக்குத்தான் வந்தேன். ஐயோ. அவ எங்க வந்தா? நாந்தான் கொண்டு வந்தேன். அவ சேலையில, அவ பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு, அவ வழியில, நானே கொஞ்சம் கொஞ்சமா அவளைக் கூட்டிக்கிட்டு வந்து வாசப்படியில விட்டிருக்கேன். இதுக்குச் சிரிக்கணும், பயப்பட ஒண்ணும் இல்லைன்னு ஆகிப்போச்சே, சிரிக்கணும். ஆனா நடு முதுகுல சில்லுனு ஏறுது. இந்த வெயில்ல முக்காடு போட்டுக்கிட்டு இந்தச் சேலையில கேட்டுகிட்ட உக்காந்திருக்கிறது யாருன்னு தெருவுல போற யாரைக் கேட்டாலும் என்ன சொல்லுவாங்க? அம்மா வெயில்ல நிக்குது.

பின்னாடி தரையில காலு தேய்க்கிற சத்தம். கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மூச்சு. தெரியும் எனக்கு அந்த மூச்சு, நாலு நாளா அதைத்தானே எண்ணிக்கிட்டு இருக்கேன். எழுந்து ஓடித் தூக்கணும்னு உடம்பு பரபரக்குது. அதுக்குள்ள முதுகுல ஒரு கை. சின்னக் கை. ஈரமா இருக்கு. ஜில்லுனு வேர்த்திருக்கு. வேர்த்துருச்சு, சாமி, பிள்ளைக்கு வேர்த்துருச்சு, காய்ச்சல் இறங்கிருச்சு. இன்னொரு கை முக்காட்டு நுனியைப் பிடிச்சு இழுத்து, தூங்குறதுக்குப் பிடிக்குமே, அப்படிப் பிடிச்சுக்கிச்சு. "அம்மா"ன்னுச்சு. தூக்கக் கலக்கத்துல, தொண்டை கட்டி, ஆனா தெளிவா. "அம்மா, பசிக்குது." விரலுக்குள்ள தண்டு அப்படியே இருக்கு. இப்ப நான் திரும்பினா என் மூஞ்சி. என் மூஞ்சியைப் பார்த்துட்டு மறுபடி ரொம்ப மரியாதையா சித்தின்னு சொல்லிரும். திரும்பலைன்னா யாருக்கோ போக வேண்டிய சொல்லை நான் வாங்கி வெச்சுக்கிட்ட மாதிரி. ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன்டி அக்கா. ரசம் இருக்கு, குழைவா சோறு வடிச்சிருக்கேன், நாலே நாலு எட்டு வெச்சா அடுப்படி. "வரேன்டா தங்கப்புள்ள"ன்னு சொன்னேன். தங்கப்புள்ளன்னு நான் யாரையும் கூப்பிட்டதே இல்லை, எனக்கு வாயில வர்றதெல்லாம் கழுதை, குரங்குதான், தங்கப்புள்ள அக்கா சொல்றது. அது எப்படி என் வாயில வந்துச்சுன்னு தெரியலை. பிள்ளை நெத்தியை என் முதுகுல சாய்ச்சுக்கிச்சு. நான் தண்டை விட்டுட்டேன். கொட்டிக் கிடந்த விதையைக் கையால படி ஓரத்துக்கு வெயில்ல தள்ளி விட்டேன், மண்ணு எதுவும் மூடலை. அப்புறம் திரும்பிப் பார்க்காமலே, ரெண்டு கையையும் பின்னால குடுத்து அதை முதுகுல ஏத்திக்கிட்டு, மூஞ்சியை முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டே உள்ள போனேன்.